பெஞ்சமின் பிராங்க்ளின் வரலாறு

பிறர் கைகொடுக்க எழுந்து நின்றார் உலகிற் பலர். எழுந்து நின்றபின் அக்கையை மறவாது, தம்மின் இளையார்க்குத் தம் கையை நீட்டினார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டுப் பெஞ்சமின் பிராங்க்ளின் என்பார். மின்னலின் இயல்பை ஆராய்ந்தவரென்றும், தம் நாட்டின் விடுதலைக்கு உழைத்த அரசியலறிஞரென்றும் அவரைப் பலரும் அறிவர். தொழில் தொடங்கும் இளைஞர்க்கு அவர் ஆற்றிய உதவியோ அத்துணை அறியப்பட்டதன்று. நம் குடும்பங்களிற் படிப்பை முடித்துத் தொழில் நாடி நிற்கும் பிள்ளைகள் பலராதலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

பிராங்க்ளின் 1706-ம் வருஷம் ஜனவரி மாதம் 17-ந் தேதி பாஸ்டன் நகரத்திற் பிறந்தார். தந்தையார் ஜோசையா, மெழுகுவத்தியும் சவுக்காரமும் செய்து விற்பவர். அவர்க்கு மக்கள் 17 பேர். ஆண்மக்களுள் இவரே கடைப்பிள்ளை. ஏறக்குறைய இரண்டாண்டே பள்ளியிற் பயின்ற இவர், பத்தாம் வயதில் தந்தையின் தொழிலுக்கு உதவியாக அமர்ந்தார். அத்தொழிலில் அவர் மனம் பற்றவில்லை. அதனை அறிந்த தந்தையார் மகனை உடனழைத்துக்கொண்டு நகரில் உலாவி, தச்சர், கொற்றர், கடைசல் வேலைக்காரர், கன்னார் ஆகியோர் தொழில் செய்யுமிடங்களைக் காட்டி, எதில் மகன் கருத்து நிலைக்கின்றதென நோக்கினார். இறுதியில், அவர் நூல்களிற் பெருவிருப்புடையராதல் கண்டு, 12-ம் வயதில் தமையன் ஜேம்ஸ் நடத்திய அச்சுக்கூடத்தில் தொழில் பழக விடுத்தார். பிள்ளையைத் தொழிலில் விடுக்குமுன் பிள்ளையின் மனத்தை நோக்கிய இச்செயல், பெற்றோர் யாவரும் உளங்கொளத்தக்கது.

தமையனாரோடு ஒத்துப்போக இயலாமையால், 1723-ல் தமது 17-ம் வயதிற் பிராங்க்ளின் வீட்டார்க்குச் சொல்லாது புறப்பட்டுப் பிலடெல்பியா நகரஞ் சேர்ந்தார். அங்கே அவரையறிந்தார் ஒருவருமிலர். கையில் இருந்ததோ சில நாணயங்களே. ஓர் அச்சுக்கூடத்தில் வேலை பெற்றார். அவரது திறமையைக் கேள்வியுற்ற அம்மாகாணத் தலைவர் வில்லியம் கீத், தனி அச்சுக்கூடம் வைத்துத் தருவதாகவும், அதற்கு வேண்டும் கருவிகளை இலண்டனில் வாங்கக் கடிதங்கள் தருவதாகவும் உறுதி கூறினார். அதனை நம்பி இளைஞர் கப்பலேறினார். இலண்டனிற் சென்றிறங்கியபோது அவர்க்கென ஒரு கடிதமும் இல்லை. பெரியார் ஒருவர் சொல்லை நம்பிக் கடல் கடந்த 18 வயதுப் பிள்ளை, அந்நிய நகரத்திற் கூலிக்கு அச்சுவேலை செய்து வயிறு வளர்க்க நேர்ந்தது. 1726-ல் தான் அவர் பிலடெல்பியாவுக்கு மீண்டார்.

அடுத்த ஆண்டு, அஃதாவது 1727-ல், தம்மையொத்த இளைஞர் சிலரைக் கூட்டி ஜுண்டோ என்னும் கழகத்தை நிறுவினார். அதில் இருந்தோருட் பெரும்பாலார் செல்வரல்லர். கண்ணாடி வேலைக்காரர், நிலம் அளப்பவர், செருப்புத் தைப்பவர், தச்சர், வணிகர் ஒருவரின் கணக்கர் என இத்தகையோரே பலர். வெள்ளிக்கிழமைதோறும் மாலையிற் கூடுவர். தாம் எழுதிய கட்டுரைகளைப் படிப்பர். பிறர் மனம் புண்படாது வாதிக்கப் பழகுவர். நகரில் எவன் முன்னேறினான், எவ்வழியில் முன்னேறினான். எவன் நொடித்தான், அதன் காரணம் யாது. புதிதாகத் தொழில் தொடங்கிய நல்லிளைஞன் எவனேனும் உளனோ, அவனுக்கு இக்கழகம் என் செய்யக்கூடும் என்பனவும் அவர்கள் தம்முள் ஆராய்ந்த வினாக்களாம். சபையில் எழுந்து பேசவும், தலைமை தாங்கவும், பிறர் கருத்தைப் பொறுமையுடன் கேட்கவும் அவ்விளைஞர்க்குப் பயிற்சி தந்தது அக்கழகமேயாம்.

1728-ல் மெரிடித் என்பாரோடு கூட்டாக அச்சுக்கூடம் தொடங்கியபோது, கழகத்து நண்பர் ஒருவர் குவேக்கர் சமயத்தாரின் சரித்திர நூலில் 40 தாள் அச்சிடும் வேலையைப் பெற்றுத் தந்தார். நாளொன்றுக்கு ஒரு தாள் முடித்தல் வேண்டுமென உறுதிபூண்ட பிராங்க்ளின், இரவு பதினொரு மணியளவும் எழுத்துக் கோப்பார். ஓரிரவு கோத்து முடித்த இரண்டு பக்கங்கள் குலைந்து சிதறின. அவர் அப்பொழுதே மீளக் கோத்து முடித்த பின்னரே உறங்கச் சென்றார். அண்டை அயலார் இதனைக் கண்டனர். இவரை நம்பிக் கடன் கொடுக்கலாமென்னும் பேச்சு நகரிற் பரவிற்று.

இஃதிவ்வாறாக, அச்சுக்கூடத்துக்கு மெரிடித்தின் தந்தையார் தருவதாக ஒப்பிய பணத்திற் பாதியே வந்தது. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்தார். தொழில் அழியும் நிலையில், கோல்மன், கிரேஸ் என்னும் கழக நண்பர் இருவர், ஒருவர் வந்தது மற்றவர்க்குத் தெரியாமலே, தனித்தனியே வந்து வேண்டும் பொருள் முழுதும் தர முன்வந்தனர். பிராங்க்ளின் இருவரிடத்தும் பாதிப் பாதியாகப் பெற்றுக் கடன் தீர்த்துத் தொழிலைத் தமதாக்கிக்கொண்டார். மாகாணத் தலைவரின் பெருமொழி கைவிட்டவிடத்து, உடனிருந்த இளைஞரின் சிறுபொருள் காத்தது. இதனை அவர் வாழ்நாள் முழுதும் மறந்திலர்.

தாம் பெற்ற உதவியை அவர் எங்ஙனம் திருப்பினாரெனின், தம்மிடம் வேலை செய்த இளைஞருள் நல்லொழுக்கமுடையாரைத் தெரிந்து, வேற்றூர்களில் அச்சுக்கூடம் வைத்துக் கொடுத்தார். கருவிகளைத் தாம் தந்து, செலவில் மூன்றிலொரு பங்கு ஏற்று, இலாபத்தில் மூன்றிலொரு பங்கு பெறுவார். ஆறாண்டு கழிந்தபின் இளைஞர் அக்கருவிகளை விலைக்குப் பெற்றுத் தாமே முதலாளியாகலாம். தென் கரோலினாவில் இவ்வாறு தொழில் நடத்திய லூயிஸ் திமொத்தி 1738-ல் இறந்தார். அவர் மனைவியார் எலிசபெத், ஆலந்து நாட்டிற் கணக்குப் பயின்றவராதலின், கணவரினும் செம்மையாகக் கணக்கனுப்பித் தொழிலை நடத்தி, தவணை முடிவில் அச்சுக்கூடத்தை விலைக்கு வாங்கித் தம் மகனை அதில் நிறுத்தினார். பெண்மக்கட்கு இசையும் நடனமும் கற்பித்தலினும் கணக்குக் கற்பித்தல் பெரும்பயன் தருமெனப் பிராங்க்ளின் இதுகொண்டு உலகிற்கு உணர்த்தினார்.

1790-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி, 84-ம் வயதில் அவர் காலமானார். முந்திய ஆண்டில் எழுதிய மரணசாசன இணைப்பில், பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தனித்தனி 1,000 பவுன் வைத்திருந்தார். தொழில் பழகி முடித்த 25 வயதிற்குட்பட்ட, மணமான கைத்தொழிலாளர்க்கு, இருவர் ஜாமீன் நிற்க, நூற்றுக்கு ஐந்து வட்டியில் 15 முதல் 60 பவுன் வரை கடன் தரவேண்டுமென்பது ஏற்பாடு. ஆண்டுதோறும் முதலிற் பத்திலொன்று வட்டியுடன் திரும்பும். திரும்பியது மற்றோர் இளைஞனுக்குச் செல்லும். இவ்வாறு 200 ஆண்டு நடக்கவேண்டுமென்றார்.

காலம் மாறிற்று. பெருந்தொழிற்சாலைகள் தோன்றவே, தொழில் பழகும் பழைய வழக்கம் அருகிற்று. அந்நிபந்தனைகட்குப் பொருந்துவோர் குறைந்தனர். ஆயினும் முதல் அழிந்திலது. பாஸ்டன் நிதியின் ஒரு பகுதியைக்கொண்டு 1908-ல் தொழிற்பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. 200 ஆண்டு நிறைந்த 1990-ஐ ஒட்டிக் கணக்கிட்டபோது, பிலடெல்பியா நிதி ஏறக்குறைய 20 லட்சம் டாலரும், பாஸ்டன் நிதி 40 லட்சம் டாலருக்கு மேலுமாக வளர்ந்திருந்தன.

அன்பர்காள்! இலவசமாகக் கொடுத்த பொருள் ஒருவனோடு முடியும். நம்பிக் கொடுத்துத் திரும்பப் பெற்ற பொருள் அடுத்தவனையும் நிறுத்தும். பெற்றவனுக்கும் இரந்தோமென்னும் தாழ்வில்லை. நம்முள் தொழிலில் நிலைத்தோர், தொடங்கும் பிள்ளைக்கு ஒரு வேலையைப் பெற்றுத் தருக. ஒரு கடனுக்கு ஜாமீன் நிற்க. தாம் நட்டப்பட்ட வழியையும் மறையாது சொல்லுக. பெரும்பொருள் இல்லையேயென்று எவரும் தயங்க வேண்டா. கோல்மனும் கிரேசும் நின்றாற்போல், தக்க நேரத்தில் உடன் நிற்பாரே வேண்டும். உதவி பெற்று எழுந்த பிள்ளைகளும், தமக்குப் பின் வருவானை நினைப்பாராக.