ராணி ராசமணியின் இறுதிக் கவலை

தட்சிணேசுவர ஆலயத்தை எழுப்பிய ராணி ராசமணியைப் பக்தியின் வடிவமாகவே நாம் போற்றுகிறோம். கணவர் விட்டுச்சென்ற பெருஞ்சொத்தை 25 ஆண்டுகள் கட்டிக்காத்த கைம்பெண் அவர் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை.

1793-ஆம் ஆண்டு, ஹாலிசகருக்கு அருகிலுள்ள கோனா என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். இளம் வயதிலேயே கல்கத்தா ஜான்பஜாரின் செல்வரான ராஜசந்திர தாஸரின் மனைவியானார். பத்மமணி, குமாரி, கருணாமயி, ஜகதம்பா என நான்கு பெண்மக்கள்; ஆண்மகவு இல்லை. 1836-இல் கணவர் காலமானார்.

வங்கத்தில் அந்நாளில் வழங்கிய தாயபாக முறைப்படி, ஆண்வாரிசு இல்லாதவரின் சொத்து அவருடைய மனைவியைச் சேரும். ஆனால் அவ்வுரிமை அவளது ஆயுள்வரை மட்டுமே. பின்னர் அது பெண்மக்களுக்குரியது. ஆகவே அதைத் தானமளிக்கும் உரிமையும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே.

மருமகன் மதுர்பாபுவின் துணையோடு ராணி ஜமீனைத் திறம்பட நிர்வகித்தார். 1855 மே 31-இல் தட்சிணேசுவரத்தில் அன்னை பவதாரிணி பிரதிஷ்டை செய்யப்பட்டாள். நித்திய பூஜை தடையின்றி நடைபெறவேண்டி, அவ்வாண்டே தினாஜ்பூர் பகுதியில் 2,26,000 ரூபாய்க்கு நிலங்களை வாங்கினார். எனினும் அவற்றை ஆலயத்திற்கு எழுதிவைக்கும் சாசனம் ஆறாண்டுகள் தள்ளிப்போயிற்று.

1861-இல் அவர் நோயுற்றார். அப்போது எஞ்சியிருந்த புதல்வியர் பத்மமணியும் ஜகதம்பாவும் மட்டுமே. அந்நிலங்களில் தங்களுக்கு உரிமையில்லை என இருவரும் ஒப்பமிடவேண்டும் என்று ராணி விரும்பினார். ஜகதம்பா இசைந்தார், பத்மமணி இசையவில்லை. பிப்ரவரி 18 அன்று ராணி சாசனத்தில் கையெழுத்திட்டார். மறுநாளே காளிகட்டத்தில் உயிர் நீத்தார். தேவியின் தரிசனம் வாய்த்த அந்த இறுதி வேளையிலும், பத்மா ஒப்பமிடவில்லையே என்ற கவலை அவரை விடவில்லை.

பாகம் பிரிந்தபின் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் உண்டு. சகோதரியருள் ஒருவர் மற்றவருக்குரிய குளத்தில் நீராடச் சென்று, அங்கிருந்த கீரையைப் பறித்துச் சென்றார். அதைக் கண்ட குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர், கேளாமல் எடுத்தது தவறல்லவா எனக் கலங்கி உரியவரிடம் தெரிவித்தார். சகோதரியர் இருவரும் அதைக் கேட்டுச் சிரித்தனர். கைப்பிடிக் கீரையில் வராத பூசல் ஆலயத்தை யார் நிர்வகிப்பது என்பதில் வந்தது. 1872-இல் பத்மமணி ஜகதம்பா மீது கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்குகளின் செலவால் தேவஸ்தானச் சொத்து கடனில் சிக்கியது.

பத்மமணியை மட்டும் குறை கூறுவதற்கில்லை. சட்டம் தந்த பங்கையே அவர் விட மறுத்தார். துறக்கும் மனம் சாசனத்தால் வருவதன்று. அதிலும் மரணப்படுக்கையருகே நீட்டப்படும் சாசனத்தால் வருவது அரிது. நமக்குப் பின் பிறர் பங்கிடவேண்டிய பொருள் எதுவாயினும், நலமாக இருக்கும்போதே அவர்களை அருகமர்த்தி மனம்விட்டுப் பேசுதல் நம் கடமை. ராணியின் புனித வாழ்வோடு அவரது அந்த இறுதிக் கவலையையும் நாம் நினைவில் கொள்வோமாக.