தேய்மானத்தை வென்ற மருத்துவர்

ஜான் சார்ன்லி 1911ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார், எலும்பு மருத்துவரானார். ஒருநாள், செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தப்பட்ட ஒருவர் அவரிடம் வந்தார். அவர் அசைந்தாலே மூட்டு கிறீச்சிட்டது. அந்த ஓசையைத் தாங்காமல் மனைவிகூட விலகிப் போய்விடுவாராம்!

உராய்வே இதற்குக் காரணம் என்று சார்ன்லி உணர்ந்தார். எனவே, சிறிய உலோகப் பந்தையும் வழுவழுப்பான டெஃப்லான் கிண்ணத்தையும் கொண்ட மூட்டை உருவாக்கினார். ஊன்றுகோலோடு வந்தவர்கள் வலியின்றி நடந்தனர். ஆனால், சில ஆண்டுகளிலேயே டெஃப்லான் தேய்ந்தது. அதன் துகள்கள் மூட்டைச் சுற்றியிருந்த திசுக்களைப் பாதித்தன. ஏறத்தாழ 300 நோயாளிகள் அந்த மூட்டுடன் இருந்தனர். சார்ன்லி மனமுடைந்தார், ஆயினும் ஒதுங்கிவிடவில்லை. பழுதான மூட்டுகளைத் தாமே அகற்றினார்.

1962இல் அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவன், பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கைத் தேய்மான இயந்திரத்தில் சோதித்தார். சார்ன்லி முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால், இயந்திரம் பல நாள் ஓடியும் அது மிகச் சிறிதளவே தேய்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பரில் புதிய கிண்ணம் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

அவ்வளவில் சார்ன்லிக்கு மனநிறைவு ஏற்படவில்லை. இரு பொருள்களையும் தம் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்தார். டெஃப்லான் இருந்த இடம் தடித்தது, மற்றதால் தீங்கில்லை. இறந்த பிறகு மூட்டைத் திருப்பித் தருமாறும் நோயாளிகளைக் கேட்டுக்கொண்டார். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டுமே!