பிராணவாயு கண்ட பாதிரியார்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அண்மையில் 1733-ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் பிரீஸ்ட்லி, இளமையிலேயே தாயை இழந்து அத்தையின் ஆதரவில் வளர்ந்தவர். நாவில் திக்கல் உண்டு. எனினும் அவர் மேற்கொண்ட தொழிலோ சமயப் போதகம்! அதிலும், அரசாங்கத் திருச்சபையை ஏற்க மறுத்த பிரிவினருக்கே அவர் பாதிரியாரானார்.

லீட்ஸில் அவர் வாழ்ந்த வீட்டருகே பீர் காய்ச்சும் சாலை ஒன்றிருந்தது. அதன் தொட்டிகளின் மேல் தேங்கி நின்ற கரியமில வாயுவை நீரிற் கலந்து பார்த்தார். விருந்துண்டபின் நாம் நாடும் சோடாவுக்கு வித்திட்டது அதுவே.

எரியும் மெழுகுவத்தியும் மூச்சுவிடும் பிராணிகளும் காற்றைக் கெடுக்கின்றன. அங்ஙனமாயின், உலகத்துக் காற்று முழுவதும் கெட்டுவிடாதிருப்பது எதனால்? இவ்வினா அவரை விடவில்லை. 1771 ஆகஸ்டில், மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து, அதனுள் புதினாக் கிளையொன்றை வைத்தார். பத்து நாட்கள் சென்றபின் அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் சுடர்விட்டது! சுண்டெலி மடியும் காற்றும் அவ்வாறே செடியால் திருந்தியது. 1774 ஆகஸ்டு 1 அன்று, பாதரசச் செந்தூளைக் குவிந்த வெயிலால் காய்ச்சிப் பிராணவாயுவையே தனித்துப் பெற்றார். ஸ்வீடனில் ஷீலே அதனை முன்னரே கண்டிருந்தார்; உலகுக்கு முதலில் அறிவித்தவர் பிரீஸ்ட்லி.

ஆயினும் செடியின் பணிக்கு வெயில் இன்றியமையாதது என்பதைத் தொடக்கத்தில் அவர் உணர்ந்தாரில்லை. பச்சை இலை, வெளிச்சத்தில் மட்டுமே காற்றைத் திருத்தும்; இருளில் நம்மைப்போல் அதனைக் கெடுக்கவே செய்யும். 1779-இல் இதனை நிலைநாட்டியவர் ஹாலந்து நாட்டு மருத்துவர் இங்கன்ஹௌஸ். தாம் கண்ட வாயுவைப் பிரான்ஸின் லவாஸியே புதிய கொள்கையால் விளக்கியபோதும், எரியும் பொருளினின்று 'பிளாஜிஸ்டன்' வெளியேறுகிறது என்னும் பழங்கொள்கையைப் பிரீஸ்ட்லி இறுதிவரை கைவிடவில்லை. இது பிடிவாதமே என்பது நம் எண்ணம். ஆனால் அப்பிடிவாதமே சமயத்திலும் அரசியலிலும் அவரை வளையாது நிற்கச் செய்தது.

பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த அவர்மீது வெகுண்ட கும்பல், 1791 ஜூலையில் பர்மிங்காமில் அவருடைய வீட்டையும் நூல்களையும் ஆராய்ச்சிக் கருவிகளையும் அழித்தது. 1794-இல் அமெரிக்கா சென்றார். அவர் போற்றிய அப்புரட்சியே அவ்வாண்டில் லவாஸியேயின் தலையைக் கொய்தது.

பென்சில்வேனியாவில் நார்தம்பர்லாந்து என்னும் சிற்றூரில் மீண்டும் ஆராய்ச்சிக்கூடம் அமைத்து உழைத்த பிரீஸ்ட்லி, 1804 பிப்ரவரி 6 அன்று அங்கேயே காலமானார். பிராணவாயு கண்ட நூற்றாண்டை நினைந்து 1874-இல் அமெரிக்க இரசாயன அறிஞர்கள் ஒன்றுகூடியது அவ்வூரிலேயே.