வெள்ளை ஆந்தைகளைக் கவனித்த பெண்மணி

அண்டார்க்டிகாவில் வயல்கள் இல்லை, கொசுக்களும் இல்லை. பூச்சிக்கொல்லி தெளிப்பதற்கான தேவை அங்கு எவருக்கும் எந்நாளும் ஏற்பட்டதில்லை. ஆனாலும், அங்கு வாழும் அடேலி பெங்குவின்களின் உடலில் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லியின் எச்சம் இருப்பதாக 1966-ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் ஆய்வறிக்கை ஒன்று வெளியானது. உலகின் கடைக்கோடிகூட மாசிலிருந்து தப்பவில்லை என்பதை உணர்த்திய அச்செய்தியைக் கேட்க, அதற்காகவே போராடிய ஒருவர் அப்போது உயிருடன் இல்லை. அவர், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்ட ரேச்சல் கார்சன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் 1907-ஆம் ஆண்டு மே 27 அன்று பிறந்தவர் ரேச்சல். கடலுக்கு வெகுதொலைவில், சிறிய பண்ணை வீடொன்றில் வளர்ந்தார். தாய் மரியா மகளைத் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் அழைத்துச் சென்று, பறவைகளையும் பூச்சிகளையும் இனங்கண்டு போற்றக் கற்றுக்கொடுத்தார். சிறுவர் இதழ் ஒன்றில் ரேச்சலின் முதல் கதை அச்சேறியபோது அவருக்கு வயது 11. எழுத்தாளராகும் கனவோடு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலச் சேர்ந்தவர், இடையில் உயிரியலுக்கு மாறினார். 1929-இல் பட்டம் பெற்றதும் மாசசூசெட்ஸில் உள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குச் சென்றார். புத்தகங்கள் வழியாக மட்டுமே அறிந்திருந்த கடல் அங்குதான் அவருக்கு நெருக்கமானது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1932-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்துக்கான படிப்பைக் குடும்ப வறுமை தடுத்தது. 1935-இல் தந்தை இறந்தார். சில ஆண்டுகளில் சகோதரியும் இரு பெண் குழந்தைகளை விட்டுவிட்டு மறைந்தார். தாயையும் அக்குழந்தைகளையும் காக்கும் பொறுப்பு ரேச்சலின் தோளில் விழுந்தது. அரசின் மீன்வளத் துறையில் வானொலி உரைகள் எழுதும் பணியில் சேர்ந்து, பின்னர் உயிரியலாளராக நிரந்தரப் பணி பெற்று, 1949-இல் அத்துறை வெளியீடுகளின் தலைமை ஆசிரியராக உயர்ந்தார்.

பகலில் அலுவலகம், இரவில் எழுத்து என்று கழிந்த நாள்களில் உருவானதே 1941-இல் வெளியான அவருடைய முதல் நூல். சாண்டர்லிங் என்னும் சிறு உள்ளான்கள் கடற்கரை வழியே வடதுருவப் பகுதிக்குப் பறந்து சென்று, முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதை அதில் விவரித்திருந்தார். துருவத்து வெள்ளை ஆந்தையும் அக்கதையில் இடம்பெற்றது. நூல் வெளியான சில வாரங்களில் அமெரிக்கா போரில் இறங்கியதால் அதை வாங்குவோர் இல்லை. ஆனால், கடலைப் பற்றி 1951-இல் அவர் எழுதிய அடுத்த நூல் 86 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் நீடித்தது. அமெரிக்காவின் தேசிய நூல் விருதும் கிடைத்தது. அதன்பின் அரசுப் பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

டிடிடி-யைப் பற்றிய ஐயம் அவருக்கு முன்பே எழுந்திருந்தது. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. போர்க்காலத்தில் டைஃபஸ், மலேரியா நோய்களிலிருந்து பல உயிர்களைக் காத்த அந்த வேதிப்பொருளை உலகமே கொண்டாடியது. பறவைகளின் மீதும் மீன்களின் மீதும் அது ஏற்படுத்தும் விளைவைப் பற்றி எழுத 1945-இலேயே ஓர் இதழுக்கு அனுமதி கேட்டார் ரேச்சல். இதழ் மறுத்துவிட்டது. பதிமூன்று ஆண்டுகளுக்குப் பின், கொசு ஒழிப்புக்காக வானிலிருந்து மருந்து தெளிக்கப்பட்ட தம் நிலத்தில் பறவைகள் மடிந்து கிடந்ததை விவரித்துத் தோழி ஒருவர் எழுதிய கடிதம் அந்தப் பழைய ஐயத்தை மீண்டும் தட்டியெழுப்பியது.

நான்கு ஆண்டு உழைப்பு தொடர்ந்தது. அந்தக் காலம் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. வளர்த்த பெண்களில் ஒருவர் இறந்துவிட, அவருடைய ஐந்து வயது மகனைத் தத்தெடுத்திருந்தார். 1958 இறுதியில் தாய் மறைந்தார். 1960-இல் மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கதிர்வீச்சுச் சிகிச்சையின் சோர்வுக்கிடையே நூற்றுக்கணக்கான ஆய்வறிக்கைகளைச் சேர்த்து எழுதிய 'மௌன வசந்தம்' 1962 செப்டம்பரில் நூலாக வெளிவந்தது.

அந்நூலில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு பகுதி துருவத்தைப் பற்றியது. அலாஸ்காவின் தொலைதூரக் கடற்கரையில் வாழும் பழங்குடியினரின் உணவில் விஞ்ஞானிகள் பூச்சிக்கொல்லியைத் தேடினர். மீனிலும், திமிங்கலத்திலும், துருவக் கரடியிலும், காட்டுக் கனிகளிலும் அது தென்படவில்லை. பாயின்ட் ஹோப் என்ற இடத்தில் கிடைத்த இரண்டு வெள்ளை ஆந்தைகளில் மட்டும் சிறிதளவு டிடிடி இருந்தது. வலசைப் பயணத்தில் எங்கோ அவை அதை உட்கொண்டிருக்கக்கூடும் என்று ரேச்சல் கருதினார். இருபது ஆண்டுகளுக்கு முன் தூய வெண்பனியின் உயிராகத் தாம் எழுதிய அதே பறவையை, நஞ்சின் சாட்சியாக அவர் பதிவு செய்ய நேர்ந்தது.

நூல் வெளியானதும் வேதித் தொழில்துறை வெகுண்டெழுந்தது. வழக்கு மிரட்டல் வந்தது. உணர்ச்சிவசப்படும் பெண் என்றும், முனைவர் பட்டம் இல்லாதவர் என்றும் அவர் இகழப்பட்டார். அவரோ தம் நோயை வெளியே சொல்லாமல், 1963 ஏப்ரலில் தொலைக்காட்சியில் அமைதியாகத் தம் வாதத்தை வைத்தார். அடுத்த மாதம் அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கை, பூச்சிக்கொல்லிகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கூறி அவர் பக்கம் நின்றது. 1964 ஏப்ரல் 14 அன்று, தமது 56-ஆவது வயதில் ரேச்சல் காலமானார். விவசாயத்தில் டிடிடி பயன்படுத்த அமெரிக்கா 1972-இல் தடை விதித்தது.

மலேரியாவால் இறந்தோரின் பழியை அவர் மீது சுமத்துவோர் இன்றும் உள்ளனர். அது நியாயமன்று. பூச்சிக்கொல்லியே கூடாது என்று அவர் கூறவில்லை. கண்மூடித்தனமாகத் தெளித்தால் கொசுக்கள் எதிர்ப்புச் சக்தி பெற்று, நோயைத் தடுக்கும் ஆயுதமே மழுங்கிவிடும் என்றுதான் எச்சரித்தார். 2001-இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும், நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் டிடிடி-க்கு இடமளித்து ஏறத்தாழ அதே நிலையைத்தான் எடுத்தது.

அவர் முழுமையாக அறிய வாய்ப்பில்லாமல் போனது, துருவத்தை நோக்கிய நஞ்சின் பயணம். வெப்பமான நாடுகளில் ஆவியாகும் இவ்வேதிப்பொருள்கள் காற்றில் மிதந்து சென்று குளிர்ந்த பகுதிகளில் படிகின்றன. நுண்ணுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் செல்கையில் அவற்றின் செறிவு படிப்படியாகப் பெருகுகிறது. குளிரைத் தாங்கப் பறவை சேமிக்கும் கொழுப்பே நஞ்சின் கிடங்காகிறது. உணவின்றி அடைகாக்கும் நாள்களில் அக்கொழுப்பு கரையும்போது நஞ்சு குருதியில் கலக்கிறது. நார்வேக்குரிய கரடித் தீவில் கிளாக்கஸ் கடற்காகங்களின் உடலில் இத்தகைய வேதிப்பொருள்கள் மிகுதியாக இருப்பதை விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாகப் பதிவு செய்கின்றனர். கனடாவின் டெவன் தீவில், ஃபுல்மார் பறவைகள் கூடு கட்டும் பாறைகளின் அடியிலுள்ள குளங்களில், அவற்றின் எச்சத்தால் கடலின் நஞ்சு நிலத்துக்கும் வந்து சேர்ந்திருப்பது 2005-இல் தெரியவந்தது.

ஆறுதலான செய்தியும் உண்டு. கனடாவின் பிரின்ஸ் லியோபோல்ட் தீவில் 1975 முதல் கடற்பறவைகளின் முட்டைகள் ஆராயப்படுகின்றன; தடை செய்யப்பட்ட பழைய வேதிப்பொருள்கள் பலவும் அவற்றில் குறைந்துள்ளன. சட்டம் பறவையின் முட்டை வரை சென்று சேரும் என்பதற்கு இது சான்று. ஆனால், அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் அடேலி பெங்குவின்களில் டிடிடி அளவு முப்பது ஆண்டுகளாகக் குறையவில்லை என்று 2008-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. பனிப்பாறைகளில் உறைந்திருந்த பழைய நஞ்சு, அவை உருகும்போது மீண்டும் கடலில் கலப்பதே காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தீயணைப்புப் பொருள்களிலும், ஒட்டாத பாத்திரங்களிலும், நீர் புகாத ஆடைகளிலும் பயன்படும் புளோரின் சேர்மங்களும் இப்போது துருவப் பறவைகளின் உடலில் காணப்படுகின்றன.

ஒரு வேதிப்பொருள் தீங்கானது என்று மெய்ப்பிக்கப்படும் வரை அதைத் தாராளமாகப் பயன்படுத்துவதும், மெய்ப்பிக்கப்பட்ட பின் இன்னொன்றை அதன் இடத்தில் வைப்பதும் நம் வழக்கமாகிவிட்டது. சந்தைக்கு வருவதற்கு முன்பே அது எவ்வளவு காலம் அழியாமல் இருக்கும், எங்கே சென்று சேரும் என்று கேட்பதுதான் ரேச்சல் கார்சன் வலியுறுத்திய எச்சரிக்கையுணர்வு. இரண்டு ஆந்தைகளின் உடலில் இருந்த சிறு எச்சத்தையும் அற்பமென்று அவர் ஒதுக்கவில்லை. அதற்குப் பிந்தைய அறுபது ஆண்டு ஆய்வுகள் அக்கவனம் வீணன்று என்பதையே காட்டுகின்றன.