டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

நோயை நோயாளியின் முகத்திற் காண்பது பழைய வைத்தியம். உதிரத்துளியிற் காண்பது புதிய வைத்தியம். இப்புதுநெறிக்கு அடிகோலியவருள் ஒருவர் சென்னையிற் பயின்ற சுப்பாராவ். கடலூரிலும் சிதம்பரத்திலும் அவர் பெயரறியாதார் இல்லங்களிலும் அவர்தம் மருந்து புகுந்துள்ளது. ஆதலின் அவர் சரிதத்தைச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்திற் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறினார். சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயிலுங்கால் கதராடை உடுத்தமையால் பேராசிரியர் ஒருவரது வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு ஈடாக எல்.எம்.எஸ். என்னும் குறைந்த பட்டமே எய்தினார். உடன்பிறந்தாரை ஸ்புரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அவரை ஆராய்ச்சியிற் செலுத்திற்று.

இளமனைவியைத் தாயகத்தில் விடுத்து அமெரிக்கா சென்றார். ஆஸ்பத்திரியிற் சிற்றூழியஞ் செய்து வயிறு வளர்த்து, ஹார்வர்டிற் கற்றார். 1925-இல் ஃபிஸ்க் என்பாருடன் கூடி, உதிரத்திலுள்ள பாஸ்பரஸை நீலநிறத்தின் அடர்த்தியால் அளக்கும் முறையை வெளியிட்டார். பின்னர், சிதம்பரத்தருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய 1929-ஆம் ஆண்டிலே, இருவரும் தசையினின்று ஏ.டி.பி. என்னும் பொருளைக் கண்டனர். ஜெர்மனியில் லோமன் என்பாரும் அவ்வாண்டே அதனைத் தனித்துக் கண்டார். உடலின் வினைகளுக்கு ஆற்றல் தரும் அப்பொருளே, ஆர்.என்.ஏ. என்னும் இழையை உயிரணு கட்டுதற்குரிய நான்கு மூலப்பொருள்களுள் ஒன்றுமாம்.

அவ்விழையை இன்று வலிப்புநோய் ஆராய்வோர் உதிரத்தில் தேடுகின்றனர். வலிப்புநோயைக் கண்டோர் கூறும் விவரத்தாலும், மூளையின் மின்னலைப் பதிவாலுமே வைத்தியர் துணிகின்றனர். வலிப்பு ஓய்ந்த வேளையில் அப்பதிவும் சிற்சிலர்க்குக் குறையொன்றும் காட்டாது. ஆதலின், புரதம் ஆக்காமல் உடற்காப்பு வினைகளை நெறிப்படுத்தும் நுண் ஆர்.என்.ஏ.க்கள் அந்நோயாளரது உதிரத்தில் மிகுமோ குறையுமோ என ஆராய்கின்றனர். 146ஏ என்பது அவற்றுள் ஒன்று. இஃது இன்னும் அன்றாடச் சோதனையாக முற்றவில்லை. உதிரத்துளியில் நுண்பொருளை அளந்து நோயறிதல் என்னும் நெறியோ, சுப்பாராவ் போன்றார் வகுத்ததே.

இத்துணை செய்தும் ஹார்வர்டு அவர்க்கு நிலையான பதவி அளித்திலது. 1940-இல் லெடர்லி மருந்துச்சாலை சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் 1945-இல் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பெற்றது. ஸ்புரூ நோயாளரது இரத்தச்சோகைக்கு அது மருந்தாயிற்று. 1947-இல் யானைக்கால் நோய்க் கிருமிகளை உதிரத்தினின்று அகற்றும் டையெதில்கார்பமசின் வெளிவந்தது. கொசுவால் அந்நோய் பரவியிருந்த கடலூர் மாவட்டத்தில், 1996-இல் அம்மாத்திரையை ஊரார் யாவர்க்கும் ஒருங்கே வழங்கும் முயற்சி தொடங்கிற்று.

தாயகத்தையும் மனைவியையும் மீண்டுங் காணாமலே 1948 ஆகஸ்டில் அவர் காலமானார். 1995-இல் இந்திய அரசாங்கம் அவர் உருவந்தாங்கிய தபால்தலை வெளியிட்டது.

மாணாக்கரே! பரீக்ஷையிற் தவறியோனென்றும், குறைந்த பட்டத்தானென்றும் ஒருவனை இகழுமுன் இவரை நினைமின். வலிப்பு வந்தானை அஞ்சி விலகுமுன்னும் நினைமின். அது சாபமன்று, அளந்தறியத்தக்க நோயே.