பரத்பூரைக் காப்பாற்றிய சலீம் அலி... எருமை விஷயத்தில் நடந்தது என்ன?

'பறவை மனிதர்'னு நாடே கொண்டாடிய சலீம் அலி, பறவைகள் பக்கம் வந்ததே துப்பாக்கியோடுதான். 1896-ல் மும்பையில் பிறந்தவர். சின்ன வயசில் ஏர் கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. அது என்ன குருவி என்று கேட்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். வாழ்நாள் முழுக்க அந்த உறவு விடவில்லை.

ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்புநிலம், மன்னர்களின் வாத்து வேட்டைக்களம். 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது, ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு வேறு சிக்கல். ஏரியை வற்றவைத்து வயலாக்கணும்னு கோரிக்கை எழுந்தது. உணவுப் பஞ்சக் காலம், கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. சலீம் அலி நேரு வரை போய் அதைத் தடுத்தார்.

1982-ல் அது தேசியப் பூங்கா ஆனதும், மாடு, எருமை மேய்க்கத் தடை வந்தது. சலீம் அலியும் அதைத்தான் விரும்பினார். எதிர்த்த கிராமத்தினர் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின.

ஆனா எருமைகள் வெளியேறியதும் தண்ணீரில் புல் மண்டிவிட்டது. இரை தேட இடமில்லாமல் பறவைகள் குறைந்தன. இதைச் சொன்னது எதிர்த்தரப்பு இல்லை; சலீம் அலியின் கழகமே பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு. அதன் இறுதி அறிக்கை வந்தபோது அவர் இல்லை, 1987-லேயே காலமாகிவிட்டார்.

மண்டிய புல்லை அறுத்துச் செல்ல, பின்னர் அதே கிராமத்தினருக்குத்தான் அனுமதி கொடுத்தார்கள்.