சேர் பொன்னம்பலம் அருணாசலம்: தளராத் தலைமை

யட்டவத்தப் பகுதித் தோட்டங்களிலிருந்து மாணவர் புத்தகமேந்தி மாத்தளை நோக்கி வரக் காணுந்தோறும் எமக்குப் பழைய பாதையொன்று நினைவுக்கு வரும். கோப்பிக் காலத்தில் தமிழகத்தினின்று போந்த தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கிக் காடு கடந்து கால்நடையாகவே மாத்தளை சேர்ந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். எஞ்சியோர்க்கும் வேலை முறித்தாற் சிறையென்னும் 1865 ஆம் ஆண்டுச் சட்டமும், கடன் தீராமல் வேறு தோட்டஞ் செல்லவொட்டாத துண்டு முறையும் விலங்காயின. அவ்விலங்கு ஒடிய அயராதுழைத்த பெரியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவர்.

அன்னார் 1853 செப்டெம்பர் 14 இற் கொழும்பிற் பிறந்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு இளவல். கேம்பிரிட்ஜிற் கற்று, 1875 இற் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். ஆயினும் உயர் நிர்வாகப் பதவிகள் ஐரோப்பியர்க்கே உரியனவாயிருந்த காலம் அது. நீதித்துறையில் நெடுங்காலம் பணியாற்றினார். 1887 இற் பதிவாளர் நாயகமாக நியமிக்கப்பெற்றபோது ஆங்கில உத்தியோகத்தர் முறையிட்டனர். மறுமொழியாக அவர் செய்தது, சீர்கெட்டுக் கிடந்த அத்திணைக்களத்தை ஒழுங்குபடுத்தியதே. 1901 ஆம் ஆண்டுக் குடிமதிப்பு அறிக்கை அவர்தம் உழைப்பிற்குச் சான்றாய் நிற்கின்றது.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 இற் சங்கம் அமைத்தார். பதினைந்தாண்டு கழித்து, 1921 இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி மட்டுமே தோன்றியது. முழுப் பல்கலைக்கழகம் 1942 இலேயே மலர்ந்தது. அதனைக் காண அவர் இருந்திலர்.

1913 இல் ஓய்வு பெற்ற பின்னரே அவர்தம் பொதுவாழ்வு முழு வேகம் பெற்றது. 1915 இற் சமூக சேவைக் கழகத்தையும், 1919 இற் தொழிலாளர் நலன் பேணுஞ் சங்கத்தையும் தொடங்கினார். 1920 களின் முற்பகுதியில் அச்சிறைத் தண்டனையும் துண்டு முறையும் ஒழிந்தன. 1919 இலேயே இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் றலைவருமானார். ஆனால் மேல் மாகாணத் தமிழர்க்கான ஆசனம் பற்றிய வாக்குறுதி காக்கப்படவில்லையென மனம் நொந்து 1921 இல் அதனை நீங்கினார். தாம் கட்டிய மனையினின்றே வெளியேறும் துயர் சிறிதன்று. எனினும் ஓய்ந்திலர், எழுபதாம் வயதை எட்டுங் காலத்தில், 1923 இல், தமிழர்க்கெனச் சங்கமொன்று கண்டார். மறுவாண்டு சனவரி 9 ஆம் நாள், தல யாத்திரை சென்றவிடத்து மதுரையில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் தொட்டவை யாவும் உடனே துலங்கினவல்ல. சில பிந்திப் பயன்றந்தன, ஒன்று முறிந்தது. ஒவ்வொரு தடைக்குப் பின்னும் அவர்தம் நோக்கு விரிந்ததே யாம் போற்றுவது. உத்தியோகத்தராய்த் தொடங்கியவர், தமக்காகப் பேசவியலாத தோட்டத் தொழிலாளியின் வழக்கறிஞராய் முடிந்தார். எமது கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், ஒரு முறை தோற்றவுடன் சங்கக் கூட்டத்தை விட்டொதுங்கும் எம்மனோர்க்கு அவ்வாழ்வு நல்லதோர் இடித்துரை. பழைய மாணவராகிய யாம் அதனை ஏற்று, தொடங்கிய பணிகளைத் தொடர்வோமாக.